ரொக்கையாவின் பள்ளிக்கூட பஸ்

றுகையா என்ற பெயர் எங்கள் பகுதியில் தெருவுக்கு இரண்டு பேருக்காவது இருக்கும். நபி (ஸல்) அவர்களின் மகளார் ஒருவரின் பெயர் அது. வங்காளிகளின் நாவில் அதே பெயர் ரொக்கையா என்று வருகிறது. வங்காளத்து முஸ்லிம்கள் இன்றும் மரியாதையோடு பேகம் ரொக்கையா என்று சொல்லும் பெண்மணி, 1880ஆம் ஆண்டு ரங்பூர் மாவட்டத்தில் பைராபந்த் என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் பங்களாதேசத்தின் வடக்கில் இருக்கிறது. அவர் கதை எழுதினார், கட்டுரை எழுதினார், பள்ளிக்கூடம் நடத்தினார் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் அடங்கிவிடும். ஒரு பெண்பிள்ளையை அவளுடைய வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வாங்கு வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கு அந்தக் காலத்தில் என்ன பாடு பட வேண்டியிருந்தது என்பது அந்த இரண்டு வரியில் வராது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ரொக்கையாவின் வாப்பா பெரிய நிலச்சுவான்தார். அரபு, பாரசீகம், உருது என்று பல மொழி தெரிந்தவர். ஆண்மக்கள் இருவரையும் கல்கத்தாவுக்கு அனுப்பி சென் சேவியர் கல்லூரியில் ஆங்கிலம் படிக்க வைத்தார். பெண்மக்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் கொஞ்சம் உருது தெரிந்தால் அதிகம் என்பது அவர் எண்ணம். வங்காள மொழி அந்த வீட்டில் குடியானவர்களின் பாஷையாகக் கருதப்பட்டது. ஊர் முழுக்கப் பேசும் மொழியை வீட்டுப் பெண்கள் வாசிக்கக் கூடாது என்றால் அது எப்படிப்பட்ட வீடு என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த வீட்டின் மதிலும் திரையும் எவ்வளவு கடுமையானவை என்பதற்கு ரொக்கையாவே ஒரு சம்பவத்தைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்போது ஐந்து வயது. ஆண்களிடமிருந்து மட்டுமல்ல, வீட்டார் அல்லாத பெண்களிடமிருந்தும் மறைந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை வெளியூரிலிருந்து வேலைக்காரப் பெண்கள் இருவர் வந்துவிட்டார்கள். அவர்கள் வீடு முழுவதும் தாராளமாக நடமாட, குழந்தை ரொக்கையா மேல்மாடி அறையில் ஒரு கட்டிலுக்கு அடியில் மூச்சுக்கூடக் கேட்காமல் கிடந்தார். ஏறக்குறைய நான்கு நாட்கள். அவர் வயதையொத்த அக்கா மகன் ஒருவன் இடைக்கிடை வந்து தண்ணீரோ பொரியோ கொண்டுவந்து கொடுப்பான். சிறு பையன்தானே, சில வேளை எடுத்துவரப் போனவன் விளையாட்டில் மறந்துவிடுவான். இதை எழுதும்போது அவர் அழவில்லை, சிரிக்கிற மாதிரித்தான் எழுதுகிறார். வாசிக்கும் எனக்குத்தான் தொண்டை வறண்டது.

அவருடைய தாத்தா கரீமுன்னிஸா வங்காள எழுத்துகளை முற்றத்து மண்ணில் குச்சியால் கீறிக் கீறிப் பழகினார். அது வெளியே தெரிந்ததும் படிப்பு நின்றது, பதினைந்து வயதாகும் முன்பே கல்யாணமும் நடந்தது. ஆனாலும் கரீமுன்னிஸா விடவில்லை. கணவன் வீட்டில் இருந்தபடியே படித்தார், கவிதையும் எழுதினார், தங்கைக்கும் வங்காளம் கற்பித்தார். மூத்த நானா இப்ராஹீம் ஸாபர், வீட்டார் தூங்கிய பிறகு மெழுகுதிரி ஏற்றிவைத்து ரொக்கையாவுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். பகலில் அந்தப் புத்தகத்தை வெளியே எடுக்க முடியாது. இந்த இருவரையும் ரொக்கையா கடைசி வரை மறக்கவில்லை. பின்னாளில் ஒரு புத்தகத்தைத் தாத்தாவுக்கும் இன்னொன்றை நானாவுக்கும் காணிக்கையாக்கினார்.

1898இல் அவருக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை ஸையித் ஸகாவத் ஹுஸைன், பீஹாரில் பாகல்பூரைச் சேர்ந்தவர், உருது பேசுபவர், அரசாங்கத்தில் துணை மஜிஸ்ட்ரேட். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. முதல் மனைவி மௌத்தாகி, ஒரு மகளும் இருந்தாள். கதைகளில் இப்படியான கல்யாணங்கள் நல்லபடியாக முடிவதில்லை. இது அப்படியல்ல. ஸகாவத் ஹுஸைன் இங்கிலாந்துக்குப் போய் வந்தவர், படித்த பெண்ணை மதித்தவர். மனைவியை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பெண்பிள்ளைகளின் கல்விக்கென்று பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கி வைத்தார். அந்தக் காலத்துப் பத்தாயிரம்! 1902 முதல் ரொக்கையாவின் எழுத்துகள் வங்காளச் சஞ்சிகைகளில் வரத் தொடங்கின.

ஒருமுறை கணவர் உத்தியோக நிமித்தம் சில நாட்கள் வெளியே போயிருந்தார். தனிமையில் நேரத்தைப் போக்க ரொக்கையா ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். அதன் பெயர் 'சுல்தானாவின் கனவு'. கணவர் திரும்பி வந்து, உட்காரவும் மறந்து நின்றபடியே முழுவதையும் வாசித்து முடித்தாராம். ஆண்களை நன்றாகப் பழிவாங்கியிருக்கிறாய் என்ற பொருளில் அவர் சொன்னதாக ரொக்கையா பின்னர் நினைவுகூர்ந்தார். அந்தக் கதை 1905இல் அச்சேறியது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள மதராஸில்! கமலா சத்தியநாதன் என்ற பெண்மணி அங்கே பெண்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகை நடத்திக்கொண்டிருந்தார், அதில்தான்.

கதையில் ஒரு பெண் கண்ணயர்கிறாள். கனவில் ஒரு நாட்டுக்குப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் தெருவிலே பயமில்லாமல் நடக்கிறார்கள். சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் எடுக்கிறார்கள். ஆகாயத்தில் பறக்கும் வண்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் எப்படி வந்தது? அந்நாட்டு ராணி பெண்பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டும், இருபத்தொரு வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என்று சட்டம் போட்டாள், பெண்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஆண்கள் படை திரட்டுவதில் காலம் கழிக்க, பெண்கள் விஞ்ஞானம் படித்தார்கள். எதிரி படையெடுத்து வந்து ஆண்கள் தோற்றபோது, சூரிய ஒளியைக் குவித்துப் பாய்ச்சிப் பெண்கள் எதிரியைத் துரத்தினார்கள். அமெரிக்காவில் பெண்கள் மட்டும் வாழும் நாடொன்றைக் கற்பனை செய்து சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய நாவல் வந்தது 1915இல். எங்கள் ரொக்கையா அதற்குப் பத்து வருடம் முந்திக்கொண்டார். புத்தளம் பக்கத்து வெயிலில் நின்று அந்தச் சூரிய அடுப்பை வாசித்தபோது, விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் என் தோழி ஒருத்தி இதை ஏன் நமக்கு யாரும் முன்பே சொல்லவில்லை என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

கதையில் ஆகாய வண்டி ஓட்டியவருக்கு நிஜ வாழ்க்கை அப்படி லேசாக இருக்கவில்லை. பெற்ற இரண்டு பெண் குழந்தைகளும் நான்கைந்து மாதங்களிலேயே மௌத்தாகின. கணவருக்கு நீரிழிவு நோய் முற்றிப் பார்வை போனது. 1909 மே மாதத்தில் அவரும் மரணமானார். ரொக்கையாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

இத்தா முடிந்து சில வாரங்களில், அதே ஆண்டு ஒக்டோபரில், பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். கணவரின் பெயரையே வைத்தார்: ஸகாவத் நினைவுப் பெண்கள் பள்ளிக்கூடம். ஆனால் கணவர் வழிக் குடும்பத்தில் சொத்துப் பிணக்கு எழுந்தது. மூத்தாள் மகளோடும் மருமகனோடும் ஒத்துப்போக முடியாமல் அந்த ஊரை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு கைம்பெண், பிள்ளை இல்லாதவள், கையில் பள்ளிக்கூடத்துக்கென்று விட்டுச் சென்ற பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்தார். 1911 மார்ச் 16ஆம் திகதி வலியுல்லாஹ் லேன் 13ஆம் இலக்க வீட்டில் பள்ளிக்கூடம் மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை எட்டுப் பிள்ளைகள்.

நான் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ரொக்கையா ஒருநாள்கூட ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவியாக இருந்தவரல்ல. மணி எப்போது அடிக்க வேண்டும், இடாப்பு எப்படிக் கூப்பிட வேண்டும், ஒரு வகுப்பை எப்படி நடத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே கல்கத்தாவில் பிரம்ம சமாஜத்தாரும் மற்றவர்களும் நடத்திய பெண்கள் பாடசாலைகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். அதிபரானவர் மாணவியாகி, பிறகு அதிபரானார்.

கஷ்டம் பல திசைகளிலிருந்து வந்தது. பணத்தைப் போட்டு வைத்திருந்த பர்மா வங்கி முறிந்து, கையிலிருந்த தொகை கரைந்தது. படிப்பிக்கத் தகுதியான முஸ்லிம் பெண்கள் வங்காளத்தில் கிடைக்கவில்லை. மதராஸ், கயா, ஆக்ரா என்று தூர இடங்களிலிருந்து அதிக சம்பளம் பேசி ஆசிரியைகளை வரவழைத்தார். இன்னொரு கஷ்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கல்கத்தாவில் வசதியான முஸ்லிம் குடும்பங்கள் உருதுவையே விரும்பின. வங்காளத்துக்காகச் சிறு வயதில் அவ்வளவு ஏங்கியவர், வங்காளத்தில் இவ்வளவு அழகாக எழுதியவர், தன் சொந்தப் பள்ளிக்கூடத்தில் உருது மொழியில் பாடம் நடத்த வேண்டியிருந்தது. வங்காளப் பிரிவு ஒன்றை வைத்துப் பார்த்தார், பிள்ளைகள் சேரவில்லை. தமிழில் எழுதிக்கொண்டு வேறு மொழியில் படிப்பிக்கும் நிலை எனக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு வீடு வீடாகப் போனார். தாய்மாரோடு பேசினார். ஸகாவத்துடைய விதவை வீட்டுக்கு வந்து மார்க்கத்துக்கு முரணான எதையோ சொல்லிக் கொடுக்கப் போகிறாள் என்று ஊரில் கதை பரவியிருந்தது. குர்ஆன் ஓதல் முதலில் இருக்கும், பர்தா முறை தவறாது, வண்டி வீட்டு வாசலுக்கே வரும் என்று அவர் உறுதி கொடுத்தார். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்பது நமது மார்க்கத்தின் வார்த்தை, அதைச் செய்யாமல் விட்டுவிட்டுத் திரையை மட்டும் கெட்டியாகப் பிடித்திருக்கிறோம் என்று எழுதவும் செய்தார்.

இப்போது பஸ் கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு முதலில் குதிரை வண்டிகள் இருந்தன. பிறகு பெரும் பாடுபட்டு மோட்டார் பஸ் ஒன்று செய்விக்கப்பட்டது. அது பட்டறையில் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஓர் ஆசிரியை, அதற்குள் ஒரே இருட்டு, நான் அதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பஸ் வந்து சேர்ந்தது. பார்த்தால், பின்கதவின் மேலேயும் முன்பக்கம் மேலேயும் மூன்று அங்குல அகலம், ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு வலைத் துண்டுகள். காற்று வர வேறு வழியே இல்லை. வெளியிலிருந்து ஒரு கண்ணும் உள்ளே பார்க்கக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள்.

முதல் நாள் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிய வேலைக்காரப் பெண் சொன்ன செய்தி: உள்ளே வெக்கை தாங்க முடியவில்லை, சிலர் சத்தி எடுத்துவிட்டார்கள், சின்னப் பிள்ளைகள் இருட்டுக்குப் பயந்து அழுதார்கள். இரண்டாம் நாள் அந்த ஆசிரியை கதவின் பலகைத் தட்டியை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு நிறத் துணியைத் தொங்கவிட்டார். அப்படியும் வந்து இறங்கியவர்களில் இரண்டு மூன்று பேர் மயங்கியிருந்தார்கள், சிலருக்கு வாந்தி, சிலருக்குத் தலையிடி. பின்னேரம் இரண்டு பக்கத் தட்டிகளையும் இறக்கித் துணித் திரை போட்டு அனுப்பினார்கள். அன்று மாலை ரொக்கையாவைப் பார்க்க வந்த பழைய இந்துத் தோழி ஒருவர், உங்கள் பஸ் நடமாடும் இருட்டறை என்று சொல்லிச் சிரித்தார். கல்கத்தாவில் 1756இல் ஆங்கிலேயக் கைதிகள் ஒரு சிறு அறையில் அடைக்கப்பட்டு மூச்சு முட்டிச் செத்தார்கள் என்று ஒரு சரித்திரக் கதை உண்டு. அந்த அறையைத்தான் தோழி சுட்டினார்.

பிள்ளைகளின் தாய்மாரும் சாச்சிமாரும் வந்து முறைப்பட்டார்கள். எங்கள் பிள்ளைகளைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்காத குறை. சரி, திரைத் துணியோடு காற்றாவது வரட்டும் என்று விட்டால், அதே நாட்களில் தபாலில் நான்கு கடிதங்கள். ஒன்று ஆங்கிலத்தில், மூன்று உருதுவில். ஒன்றிலும் விலாசம் இல்லை. ஆங்கிலக் கடிதத்தை எழுதியவர் தன் பெயரைப் போடாமல் இஸ்லாமியச் சகோதரன் என்று கையெழுத்து வைத்திருந்தார். நான்கிலும் விஷயம் ஒன்றுதான்: பஸ்ஸின் இரு பக்கத் துணியும் காற்றில் பறக்கிறது, பர்தா கெடுகிறது, நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் பத்திரிகைகளில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதி நாறடிப்போம்.

திரையை இறுக்கினால் பிள்ளை மயங்குகிறாள், தளர்த்தினால் பள்ளிக்கூடம் மூடப்படும். ரொக்கையா சம்பவத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார். மறுநாள் பஸ்ஸை எப்படி அனுப்பினார் என்று எழுதவில்லை. பள்ளிக்கூடம் மூடப்படவில்லை, அது மட்டும் தெரிந்த விஷயம்.

இந்தப் பஸ் கதை 1931இல் வெளிவந்த அவருடைய 'அவரோதபாஸினி' என்ற புத்தகத்தில் கடைசியாக வருகிறது. அடைபட்டு வாழ்பவள் என்று அந்தத் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். அதில் மொத்தம் 47 சிறு சம்பவங்கள். சில சிரிப்பூட்டும், சில நெஞ்சை அடைக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கணவர் வழியில் தூரத்து உறவான ஒரு மாமி பாகல்பூரிலிருந்து பாட்னாவுக்கு ரயிலில் போகும்போது, கியூல் நிலையத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. ஏறும் நேரம் புர்கா காலில் சிக்கி, மேடைக்கும் ரயிலுக்கும் இடையில் விழுந்துவிட்டார். கூட இருந்தது ஒரு வேலைக்காரப் பெண் மட்டும். நிலையத்து ஆட்கள் ஓடிவந்து தூக்கப் பார்த்தார்கள். அந்நிய ஆண் யாரும் தொடக் கூடாது என்று அவள் கத்தித் தடுத்துவிட்டாள். அவளாலும் தனியே இழுத்தெடுக்க முடியவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு ரயில் புறப்பட்டது. அந்த அம்மா அதில் நசுங்கிச் சில மணி நேரத்தில் உயிர் விட்டார்.

இதை வாசித்துவிட்டு ரொக்கையா பர்தாவுக்கு எதிரானவர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல என்பது என் எண்ணம். அவர் வெளியே போகும்போது தன்னை மூடித்தான் போனார். பள்ளிக்கூடக் கமிட்டியின் ஆண் உறுப்பினர்களோடு திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். புர்காவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதி, மானத்தைக் காக்கும் ஆடை வேறு, வெளிச்சமும் படிப்பும் இல்லாமல் பூட்டி வைப்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். முதலாவதை அவர் விடவில்லை, இரண்டாவதை மன்னிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை எங்கள் வீடுகளில் இன்னும் நாங்கள் பேசித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், இவ்வளவு எழுதியவர் ஏன் அந்த மூடிய பஸ்ஸை ஏற்றுக்கொண்டார், ஊருக்குப் பயந்தாரா என்று கேட்பவர்களும் உண்டு. எழுதுகிற பேனா அவருடையது, அதில் அவர் யாருக்கும் பயப்படவில்லை. பிள்ளைகள் அவருடையவர்கள் அல்ல. பெற்றோர் மனம் மாறி நாளைக்கு அனுப்பாமல் விட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு அன்றோடு முடிந்தது. அவர் விட்டுக்கொடுத்தது தன் பெருமையை, அதற்குப் பதிலாக எடுத்தது ஒரு பிள்ளைக்கு இன்னொரு வருடம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கரைத்தீவிலிருந்து பாடசாலைக்கு வருபவர்களுக்குப் பஸ் என்றால் என்ன என்று தெரியும். பதினோராம் ஆண்டு வரை என் பக்கத்தில் இருந்து படித்த ஒருத்தி, என்னைவிட நல்ல பெறுபேறு எடுத்தவள், உயர்தரத்துக்கு வரவில்லை. பின்னேர வகுப்பு முடிந்து பஸ் ஊருக்குப் போய்ச் சேர மஃரிப் ஆகிவிடும் என்பதுதான் காரணம். அவளுடைய வாப்பா கெட்டவர் அல்ல. கடலுக்குப் போகிறவர், அந்த நேரத்தில் வந்து கூட்டிப் போக அவருக்கு வழியில்லை. ஆசிரியைகள் இருந்தார்கள், புத்தகம் இருந்தது, மூளையும் இருந்தது. வாசலுக்கும் வாங்குக்கும் நடுவிலே இருந்த அந்த ஒரு மணி நேரம்தான் இல்லாமல் போனது.

ரொக்கையா கட்டுரைகளில் பேசிய இன்னொரு விஷயம் நகை. கைக்கு வளையல், காலுக்குக் கொலுசு, கழுத்துக்கு மாலை என்று நாங்கள் ஆசையாக அணிவதெல்லாம் கைதிக்குப் போடும் விலங்கைப் போலவே இருக்கின்றன, அவனுடையது இரும்பு, நம்முடையது பொன் என்று அவர் எழுதியபோது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் கோபம் வந்திருக்கும். நகைக்குச் செலவாகும் பணத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தலாம் என்றும் சொன்னார். மகள் பிறந்த நாளிலிருந்து பவுண் சேர்க்கும் உம்மாமார் இதை வாசித்தால் என்ன சொல்வார்களோ! என் உம்மாவிடம் சொன்னேன். வளையலைப் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் போன வருடம் உன் வகுப்புக் காசுக்கு அடகு வைத்தது எதை என்று கேட்டார். ரொக்கையாவுக்கும் சில விஷயங்கள் பிடிபடாமல் இருந்திருக்கலாம்.

1916இல் அவர் முஸ்லிம் பெண்களுக்கென்று அஞ்சுமனே கவாதீனே இஸ்லாம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதன் பெண்கள் கல்கத்தாவின் சேரிகளுக்குப் போய் எழுத்தும் தையலும் சுத்தமும் சொல்லிக் கொடுத்தார்கள், ஏழைப் பெண்களுக்கும் விதவைகளுக்கும் உதவினார்கள். ஆரம்பத்தில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. பயிற்றப்பட்ட முஸ்லிம் ஆசிரியைகள் வேண்டும் என்று அரசாங்கத்தை விடாமல் கேட்டு, கல்கத்தாவில் அதற்கொரு பயிற்சிப் பாடசாலை வரவும் காரணமாக இருந்தார்.

1924இல் 'பத்மராகம்' நாவல் வந்தது. அதில் தாரிணி பவனம் என்று ஒரு வீடு. பள்ளிக்கூடம், தொழிற்கூடம், நோயாளர் விடுதி எல்லாம் அதற்குள்ளேயே. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றாக வேலை செய்கிறார்கள், எல்லோரும் ஏதோவொரு வகையில் வீட்டால் கைவிடப்பட்டவர்கள். கதாநாயகி சித்தீக்கா, ஒருகாலத்தில் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிய கணவன் வீட்டார் பின்னர் தேடி வந்தும், அவனை விரும்பிய பிறகும், போக மறுத்துத் தன் உழைப்பில் வாழ்வதென்று தீர்மானிக்கிறாள். நாவலாகப் பார்த்தால் அதில் தற்செயல்கள் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அந்தப் பவனத்தின் அன்றாட வேலைகளை, கணக்கு எழுதுவதை, குற்றம் சொல்லி வரும் பெற்றோரின் கடிதங்களை வாசிக்கும்போது இது யாருடைய பள்ளிக்கூடம் என்று விளங்கிவிடுகிறது.

எங்கள் நாட்டிலும் இதே காலத்தை ஒட்டி இப்படியொரு முயற்சி நடந்தது. அறிஞர் சித்திலெப்பை 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை திறந்தார். அவரையும் ஊரார் விட்டுவைக்கவில்லை. வங்காளத்திலும் இலங்கையிலும் எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒருவரையொருவர் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

கடைசிக் காலத்தில் ரொக்கையாவின் உடல் தளர்ந்திருந்தது. பள்ளிக்கூடம் 1931 அளவில் உயர்நிலைப் பாடசாலையாகிப் பிள்ளைகள் பொதுப் பரீட்சைக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. எட்டுப் பிள்ளைகளோடு வலியுல்லாஹ் லேனில் தொடங்கி இருபது வருடம். 1932 டிசம்பர் 8ஆம் திகதி இரவும் எழுதிக்கொண்டிருந்தார். 9ஆம் திகதி அதிகாலையில் மரணமானார். 52 வயது. மேசையில், தாள் பறக்காமல் வைத்த பாரத்துக்கு அடியில், முடிக்காத ஒரு கட்டுரை இருந்தது. பெண்ணின் உரிமை என்பது அதன் தலைப்பு.

கல்கத்தாவுக்கு வடக்கே பாணிஹாட்டிப் பக்கம் சோத்பூரில் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் ஜனாஸா அடக்கப்பட்டது. பிறகு நாடு பிரிந்தது, அந்தக் குடும்பத்தாரும் இடம் மாறினார்கள், கப்ர் எங்கே என்பது மறந்துபோனது. பங்களாதேசத்தில் டிசம்பர் 9ஐ ரொக்கையா தினமாகக் கொண்டாடினார்கள். டாக்கா பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதி ஒன்றுக்கும், ரங்பூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர் வைத்தார்கள். கப்ர் மட்டும் தெரியாமலிருந்தது. பல வருடம் கழித்து ஒரு சரித்திர ஆசிரியர் தேடிப் பிடித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது, அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு பெண்கள் பாடசாலை நடக்கிறது. காலையில் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போகும் இடத்தில்தான் அவர் அடங்கியிருக்கிறார்.